முயலுக்கும் இலக்குக்கும் ஒரே துப்பாக்கி: வாசகர் கேள்வி பதில்

ரிம்ஃபயர் ரைஃபிள் (தோட்டாவின் அடிவிளிம்பில் ஊசி அடித்துச் சுடும் சிறு ரைஃபிள்) பற்றி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா வாசகர்கள் கேட்டவற்றுக்கும், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கேள்விக்கும் இங்கே பதில். துப்பாக்கிச் சட்டம் ஊருக்கு ஊர் வேறு, அடிக்கடி திருத்தமும் ஆகும். ஆகவே உங்கள் ஊர்க் காவல்துறையின் துப்பாக்கிப் பிரிவு இன்று என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

ரிம்ஃபயர் ரைஃபிள் வைத்திருக்க அனுமதிக்கும் வகை ஏ உரிமம் கிடைத்துவிட்டது. மாதம் இரண்டு ஞாயிறு கிளப்பில் 50 மீட்டர் இலக்கு, அவ்வப்போது தெரிந்தவர் பண்ணையில் முயல். கையில் 1,500 டாலர். எதை வாங்கலாம்? கனமான குழல்தான் துல்லியம் என்கிறார் கடைக்காரர்.
– மெல்பர்ன் வாசகர்

.22 எல்.ஆர். (லாங் ரைஃபிள், சுமார் 0.22 அங்குல விட்டத் தோட்டா) போடும், ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற கைப்பிடித் தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்குங்கள். இரண்டு வேலைக்கும் அது போதும்.

கனக் குழல் மேசையில் மணல் பையின் மேல் அசையாமல் நிற்கும், அது உண்மை. ஆனால் கனக் குழலுக்கு தோட்டாவின் அடி நடுவில் ஊசி அடிக்கும் பெரிய சென்டர்ஃபயர் ரைஃபிள்களில் சொல்லப்படும் முக்கியக் காரணம், குழல் சூடேறிக் குறி விலகுவது. .22 அப்படிச் சூடேற்றுவதே இல்லை. பண்ணையில் மூன்று மணி நேரம் நடக்கப் போகிறவருக்கு ஸ்கோப் உட்பட மூன்றரை கிலோவைத் தாண்டினால் தோள்பட்டை சொல்லிவிடும். மேசையிலிருந்து மட்டுமே சுடுவேன் என்பவருக்குத்தான் கனக் குழல்.

நீளமும் அப்படித்தான். .22 எல்.ஆரில் உள்ள வெடிமருந்து மிகக் கொஞ்சம். 16 முதல் 19 அங்குலத்துக்குள் அது தள்ளவேண்டியதைத் தள்ளி முடித்துவிடும், அதற்குமேல் நீளும் குழல் குண்டை வேகப்படுத்தாது. ஸ்கோப் இல்லாமல் இரும்புக் குறியால் சுடுகிறவருக்கு முன்குறியும் பின்குறியும் தள்ளி இருப்பது நல்லது, அவர் 22, 24 அங்குலம் எடுக்கலாம். உங்களுக்கு 16 முதல் 20 அங்குலம் சரி.

பார்க்கவேண்டிய பெயர்கள்: சி.இசட். 457, டிக்கா டி1எக்ஸ், ஆஸ்திரேலியாவிலேயே தயாரான லித்கோ எல்.ஏ.101. இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் சாவேஜ் மார்க் 2. குழலின் துல்லியத்தில் இவற்றுக்குள் நீங்கள் எண்ணுகிற அளவு இடைவெளி கிடையாது. வித்தியாசம் டிரிகரிலும் கட்டை (குழலைத் தாங்கித் தோளில் ஊன்றும் பகுதி) தோளில் உட்காரும் விதத்திலும்தான். எனவே பெயரை வைத்து முடிவு செய்யாமல் கடையில் இதைச் செய்யுங்கள். துப்பாக்கி காலி என்று போல்ட்டைத் திறந்து கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, கடைக்காரரிடம் கேட்டு, ஆபத்தில்லாத திசையில் கண்ணை மூடித் தோளில் ஏற்றுங்கள். கன்னம் கட்டையில் சாய்ந்ததும் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் நடுவில் வட்டம் முழுசாகத் தெரிந்தால் அந்தக் கட்டை உங்களுடையது. தலையைத் தூக்கித் தேடவேண்டி வந்தால், அந்தத் தேடலை முயல் முன்னாலும் செய்வீர்கள். ஸ்கோப் மாட்டிய நிலையில் போல்ட்டைத் தூக்கிப் பாருங்கள், கைப்பிடிக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே கையுறை போட்ட கட்டைவிரல் போகவேண்டும். டிரிகர் ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ இழுவிசைக்குள், இழுபடாமல் கண்ணாடித் துண்டு உடைவது போல் விடவேண்டும். உபரி மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு) என்ன விலை, கையிருப்பு உண்டா என்றும் கேளுங்கள். மலிவான ரைஃபிளின் மேகசின் சில சமயம் அதன் லாபத்தையே தின்றுவிடும்.

பணத்தைப் பிரிக்கும் விதம்: ரைஃபிளுக்குப் பாதி அல்லது சற்றுக் கூட, ஸ்கோப்புக்கும் வளையங்களுக்கும் கால் பங்கு, மீதி முழுவதும் தோட்டா. பூட்டுப் பெட்டி இன்னும் இல்லையென்றால் அது எல்லாவற்றுக்கும் முந்தைய செலவு. தோட்டாவுக்குத் தனிப் பூட்டு வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முழுப் பணத்தையும் ரைஃபிளில் போட்டுவிட்டுத் தோட்டாவில் கஞ்சம் பிடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தப்பு.

இன்னொன்று. கிளப்பில் உலோக உருவ இலக்குப் போட்டி, அதாவது சிலூவெட், நடக்கிறதா என்று விசாரியுங்கள். கோழி 40 மீட்டர், பன்றி 60, வான்கோழி 77, ஆட்டுக்கடா 100 மீட்டர் என்று சிறு இரும்பு உருவங்களை நின்றபடி சுட்டு விழுத்த வேண்டும். வேட்டைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிளப்பில் கிடைக்காது.

கடையில் .17 எச்.எம்.ஆர். என்ற தோட்டா போடும் ரைஃபிளை ரொம்பச் சிபாரிசு செய்கிறார்கள். .22 மேக்னமும் இருக்கிறது என்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.
– டப்போ வாசகர்

.22 எல்.ஆர். 1887-லிருந்து இருக்கிறது. 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் ஈயக் குண்டு, சப்சானிக் (ஒலியைவிட மெதுவான) வகையில் நொடிக்குச் சுமார் 320 மீட்டர் வேகம், 130 ஜூல் அளவு ஆற்றல். 1959-ல் வந்த .22 டபிள்யூ.எம்.ஆரில், அதாவது .22 மேக்னத்தில், அதே எடைக் குண்டு 570 மீட்டருக்கு மேல் போகும். 2002-ல் வந்த .17 எச்.எம்.ஆர். 17 கிரெய்ன் குண்டை 777 மீட்டர் வேகத்தில் அனுப்பும், ஆற்றல் 330 ஜூல்.

.17-ஐ 100 மீட்டருக்குக் குறி வைத்துவிட்டால் 25-லிருந்து 100 வரை குண்டு ஒரு விரல் அகலம்கூட ஏறி இறங்காது. தூரத்தைத் தப்பாக மதிப்பிட்டாலும் பாதகமில்லை. இதுதான் அதன் பெரிய சிறப்பு. ஆனால் காற்றை மதிக்காது என்று கடையில் சொன்னால் நம்பவேண்டாம். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று அடித்தால் 100 மீட்டரில் அது 9, 10 சென்டிமீட்டர் ஒதுங்கும். சப்சானிக் .22-ம் ஏறக்குறைய அதே அளவுதான் ஒதுங்கும்.

தோட்டா விலை .22-ஐப் போல் பல மடங்கு. சத்தம் அதிகம், எனவே ஒரு முயலுக்குப் பிறகு மற்றவை வளைக்குள் போய்விடும். உடம்பில் பட்டால் சமைக்க அதிகம் மிஞ்சாது. 50 மீட்டர் கிளப் இலக்கில் பெரும்பாலும் .22 எல்.ஆர். தவிர வேறு அனுமதிப்பதும் இல்லை. திறந்த மேய்ச்சல் நிலத்தில் 80 மீட்டருக்கு மேல் முயலோ, நரியோ என்றால் .17 அல்லது மேக்னம் பொருத்தம். புதர் ஓரம், 60 மீட்டருக்குள் என்றால் .22 எல்.ஆர்.தான். கிளப்பும் உங்கள் கணக்கில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. .22 எல்.ஆர். தோட்டா மேக்னம் அறைக்குள் நுழையும், ஆனால் அங்கே அதற்கு இடம் தொளதொளவென்று இருக்கும். சுட்டால் பித்தளை பிளந்து வாயு முகத்தை நோக்கி வரும். இரண்டு அளவும் வீட்டில் இருந்தால் பெட்டிகளைத் தனித்தனியே வையுங்கள்.

புது ரைஃபிள், நல்ல ஸ்கோப். ஆனால் 50 மீட்டரில் ஐந்து குண்டு 5 சென்டிமீட்டருக்குச் சிதறுகிறது. 500 தோட்டா கொண்ட மலிவு டப்பாதான் பயன்படுத்துகிறேன். குழல் சரியில்லையா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– ஜிலாங் வாசகர்

கொடுக்காதீர்கள். ரைஃபிளைக் குறை சொல்லுமுன் பார்க்கவேண்டியவை நான்கைந்து இருக்கின்றன, இதே வரிசையில் பாருங்கள்.

முதலில் திருகுகள். கட்டையையும் இயக்கப் பகுதியையும் (போல்ட் ஓடும் உலோகப் பகுதி) சேர்க்கும் திருகுகள் தளர்ந்திருப்பதுதான் சிதறலுக்குப் பொதுவான காரணம். கையேட்டில் குறித்த அளவுக்கு முறுக்கு அளவி வைத்து இறுக்குங்கள், கண்மதிப்பு வேண்டாம். அடுத்தது ஸ்கோப் வளையம். பல .22 ரைஃபிள்களின் மேல் 11 மில்லிமீட்டர் புறாவால் வெட்டு (வளையம் பிடிக்கும் சரிந்த பள்ளம்) இருக்கும், சிலவற்றில் பிக்காடினி தண்டவாளம் (குறுக்கு வெட்டுகள் உள்ள உலோகப் பட்டை). ஒன்றுக்கான வளையத்தை மற்றதில் மாட்டினால் பிடித்தது போலவே தோன்றும், இருபது குண்டுக்குள் நழுவும். வளையத்தின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால் நழுவியது உடனே தெரியும்.

பிறகு நீங்கள் வைத்துச் சுடும் விதம். கட்டையின் முன்பகுதிதான் பையின் மேல் இருக்கவேண்டும், குழல் அல்ல. ஒவ்வொரு முறையும் அதே இடம், தோளில் அதே அழுத்தம். .22 குண்டு மெதுவாகக் குழலை விட்டுப் போவதால் நீங்கள் செய்யும் சிறு அசைவும் தாளில் பதிவாகும்.

இதற்கெல்லாம் பிறகுதான் தோட்டா. உங்கள் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். மலிவு டப்பாவில் ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் வேகம் நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் மாறுவது சகஜம். அதோடு அவை பெரும்பாலும் ஹை-வெலாசிட்டி வகை, ஒலியைவிட வேகமாகப் புறப்பட்டு நடுவழியில் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இறக்கத்தில் குண்டு தடுமாறும். போட்டித் தோட்டாக்கள் எல்லாம் ஒலி வேகத்துக்குக் கீழேயே புறப்படுவது இதனால்தான். காற்றிலும் வேகத் தோட்டா கூடுதலாக ஒதுங்கும் என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி. அதே 16 கிலோமீட்டர் காற்றில் 50 மீட்டரில் சப்சானிக் இரண்டரை சென்டிமீட்டர் ஒதுங்கினால், ஹை-வெலாசிட்டி நான்கு சென்டிமீட்டர் ஒதுங்கும்.

பரிசோதனை இப்படி. ஐந்து வகைத் தோட்டா, வகைக்கு ஒரு 50 பெட்டி வாங்குங்கள். எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், எலி (Eley), சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, இரண்டு சப்சானிக் ஹாலோபாயின்ட் (நுனியில் குழியுள்ள குண்டு) என்று எடுத்தால் இலக்கு, வேட்டை இரண்டும் அடங்கிவிடும். காலையில் காற்று எழும்புமுன் மேசையில் உட்காருங்கள். பாதி தூரத்தில் ஒரு குச்சியில் பிளாஸ்டிக் நாடா கட்டிவிடுங்கள், நாடா ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்திருக்கும்போது மட்டும் சுடுங்கள். வகை மாற்றும்போதெல்லாம் முதல் 15 குண்டை மண்மேட்டில் சுட்டுக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு தோட்டாவின் மெழுகும் வேறு, பழைய மெழுகு போய்ப் புதியது குழலில் படியுமுன் கிடைக்கும் முடிவு எதையும் சொல்லாது. பிறகு தாளில் ஐந்து ஐந்தாக ஐந்து குழு. மிக நல்ல குழுவைப் பிடித்துக்கொண்டு மகிழாதீர்கள், ஐந்தின் சராசரியைப் பாருங்கள். மூன்று குண்டு ஒரே துளையில் போவது எந்த ரைஃபிளிலும் எப்போதாவது நடக்கும்.

நல்ல ரகத் தோட்டாவில் 50 மீட்டரில் 15 முதல் 25 மில்லிமீட்டர் சராசரி வந்தால் வேட்டை ரைஃபிளுக்கு அது சிறப்பு. அதே மாதிரி ரைஃபிள் இரண்டு வாங்கினாலும் ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றதற்குப் பிடிக்காது, அதனால் நண்பர் சொன்ன பெயரை வாங்கிப் பயனில்லை. பிடித்தது தெரிந்ததும் பெட்டியில் அச்சடித்த லாட் எண்ணை, அதாவது தயாரிப்புத் தொகுதி எண்ணைப் பார்த்து, அதே எண்ணில் முடிந்தவரை வாங்கிவிடுங்கள். அதே பெயர், வேறு லாட் என்றால் மறுபடி சோதனைதான்.

எல்லா வகையும் சிதறினால் மட்டுமே குழல் வாயின் விளிம்பை உருப்பெருக்கியால் பாருங்கள். அங்கே ஒரு நசுங்கல், கீறல் இருந்தால் கடைக்காரரிடம் எடுத்துச் செல்லலாம்.

என் பெரிய .308 ரைஃபிளில் இருந்த ஸ்கோப்பை .22-இல் மாட்டலாமா? எத்தனை மீட்டருக்குக் குறி வைப்பது?
– பெர்த் வாசகர்

மாட்டலாம், ஆனால் பாரலாக்ஸை, அதாவது கண் நகரும்போது குறியும் இலக்கில் நகர்வதைப் பார்க்கவேண்டும். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பைப் பெரும்பாலும் 100 அல்லது 150 கெஜத்துக்குச் சரிசெய்து விட்டிருப்பார்கள், ரிம்ஃபயர் ஸ்கோப் 50 கெஜத்துக்கு. 100 மீட்டருக்குச் சரிசெய்த 40 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் 50 மீட்டர் இலக்கைப் பார்த்தால், கண் ஓரத்துக்கு நகரும்போது குறி ஒரு சென்டிமீட்டர் வரை பொய் சொல்லும். ரைஃபிளைப் பையில் நிறுத்தி, தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், குறுக்குக்கோடு இலக்கின் மேல் ஊர்ந்தால் அதுதான். பாரலாக்ஸ் திருகி இருந்தால் 50-இல் வையுங்கள். இல்லையென்றால் 2–7 அல்லது 3–9 மடங்கு ரிம்ஃபயர் ஸ்கோப் தனியாக வாங்குவது மேல்.

குறி 50 மீட்டருக்கு. சப்சானிக் தோட்டாவில் 25 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மேலே, 75-இல் 8 சென்டிமீட்டர் கீழே, 100-இல் ஒரு சாண் கீழே. அந்தக் கடைசிச் சாணைப் பார்த்தாலே 100 மீட்டரில் முயலை ஏன் சுடக்கூடாது என்று விளங்கும். கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் திருகியின் ஒரு சொடுக்கு 50 மீட்டரில் 3.6 மில்லிமீட்டர். குழு 3 சென்டிமீட்டர் இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம் 8 சொடுக்கு. ஒரு குண்டை வைத்துத் திருப்பவேண்டாம், ஐந்து குண்டின் நடுவை வைத்துத் திருப்புங்கள்.

பழைய பிர்னோ மாடல் 2 .22 ரைஃபிள் ஒன்று விற்பனைக்கு வருகிறது. வாங்கலாமா?
– அடிலெய்ட் வாசகர்

நன்றாக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். இன்றைய சி.இசட். ரைஃபிள்களின் மூதாதை அது. எஃகு, வால்நட் மரம், ஐந்து தோட்டா மேகசின், இன்றும் பலர் கைமாற்றிப் பயன்படுத்தும் உறுதி.

போல்ட்டைக் கழற்றி, குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். தோட்டா இல்லாமல் வருஷக்கணக்காகச் சொடுக்கியிருந்தால் சுடும் ஊசி அங்கே ஒரு பள்ளம் போட்டிருக்கும். அது அறைக்குள் பிதுங்கி நின்றால் வெற்றுத் தோட்டா வெளியே வராமல் சிக்கும். துப்பாக்கி மெக்கானிக் அதைச் சரிசெய்வார், ஆனால் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் இருண்ட மோதிரம் போல் ஏதாவது தெரிகிறதா? குண்டு சிக்கியிருந்தபோது அடுத்ததைச் சுட்டுக் குழல் உப்பிய இடம் அது. வெளியே விரலை மெல்ல ஓட்டினாலும் தட்டுப்படும். அப்படியென்றால் வேண்டாம்.

கட்டையில் இயக்கப் பகுதியின் பின்னால் வெடிப்பு, மேல் வெட்டில் நசுங்கல், கோணலான மேகசின் வாய் இவற்றையும் பாருங்கள். துருப்பிடித்தது போல் தெரியும் குழல் சில சமயம் ஈயமும் மெழுகும்தான், தூரிகை போட்டால் பளபளக்கும். பதிவு எண்ணும் ரைஃபிளில் உள்ள எண்ணும் ஒத்திருக்கவேண்டும், வாங்கும் அனுமதி கையில் வந்த பிறகே உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகக் கைமாறவேண்டும்.

குளிர்காலத்தில் பத்துக்கு ஒன்று சுடாமல் போகிறது. ஊசி பட்ட தடம் இருக்கிறது. தோட்டா மோசமா?
– டொரண்டோ வாசகர்

முதலில் கை வைக்கும் முறை. சொடுக்கியும் சுடவில்லையென்றால் குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி எண்ணுங்கள், பிறகே போல்ட்டைத் திறங்கள். வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று ஓய்ந்த சத்தம் வந்தால் குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். போல்ட்டைக் கழற்றி ஒளி தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைப் போடாதீர்கள்.

ரிம்ஃபயரில் பற்றவைக்கும் கலவை தோட்டாவின் அடிவிளிம்புக்குள் சுற்றிப் பூசப்பட்டிருக்கும். எங்கேனும் ஓரிடத்தில் அது படியாமல் போனால், ஊசி அங்கேயே அடித்தால், சுடாது. ஆகவே நின்றுபோன தோட்டாவை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். எடுத்து அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டதும் சுட்டால் தோட்டாவின் குறை. திருப்பாமலே, அதே தடத்தில் இரண்டாவது அடியில் சுட்டால், முதலில் அது அறைக்குள் முழுதாக உட்காரவில்லை, முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிவிட்டது. அறையின் முன்விளிம்பில் கரி மோதிரமாக இறுகியிருக்கும், கரைப்பானில் நனைத்த தூரிகையால் பின்பக்கமிருந்து சுத்தம் செய்யுங்கள். தடமே மெல்லியதாக இருந்தால் ஊசிக்கு வேகம் போதவில்லை.

உங்கள் ஊர்க் குளிரில் மூன்றாவதுதான் அதிகம். போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தேன் போல் கெட்டியாகி ஊசியின் வேகத்தைத் தின்றுவிடும். போல்ட்டைப் பிரித்து எண்ணெயை முழுக்கக் கழுவி, உலர்த்தி, கிராஃபைட் தூள் மட்டும் தொட்டு மாட்டுங்கள். வெளியிலிருந்து வந்ததும் ரைஃபிளை உறையை விட்டு எடுக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள், இல்லையென்றால் உள்ளும் புறமும் வியர்த்துத் துருவுக்கு வழி.

குளிரில் ஒலியின் வேகமும் குறையும். 15 டிகிரியில் 340 மீட்டர், மைனஸ் 20-இல் 319. 320 மீட்டர் வேகம் குறித்த சப்சானிக் தோட்டா ஜனவரியில் ஒருவேளை 'பட்' என்று வெடித்தால் அதிசயப்படாதீர்கள். குறியைக் குளிர்காலத்தில் ஒருமுறை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பத்துத் தோட்டா வரை செமி-ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும்) .22 வைத்துக்கொள்ள முடிகிறதே. சத்தமடக்கியோடு ரூகர் 10/22 வாங்கலாமா?
– ஹாமில்டன், நியூசிலாந்து

வாங்கலாம், 1964-லிருந்து வரும் நல்ல இயந்திரம். ஆனால் செமி-ஆட்டோ தன்னைத்தானே இயக்கிக்கொள்ள வேகத் தோட்டா கேட்கும், சத்தமடக்கி பலன் தரச் சப்சானிக் கேட்கும். இரண்டையும் சேர்த்தால் தோட்டா பாதியில் சிக்கும், உள்ளே கரியும் சீக்கிரம் சேரும். சத்தமடக்கிதான் முக்கியம் என்றால் போல்ட் ஆக்‌ஷனே எடுங்கள். குழல் வாயில் அடக்கியை மாட்டும் அரை அங்குல மரையில் அங்குலத்துக்கு 20 புரி, 28 புரி என இரண்டு வகை உண்டு, குழலில் எது என்று பார்த்து அடக்கியை வாங்குங்கள்.

முயலை எங்கே, எவ்வளவு தூரத்தில் சுடவேண்டும்? போன முறை ஒன்று அடிபட்டு வளைக்குள் போய்விட்டது. மனசு கேட்கவில்லை.
– பாலராட் வாசகர்

மனசு கேட்காமல் இருப்பதுதான் சரி. 1859-இல் பார்வன் பார்க்கில் தாமஸ் ஆஸ்டின் வேட்டைக்காக விட்ட முயல்கள் விக்டோரியாவின் மண்ணைப் பாழாக்கியது உண்மை, பண்ணைக்காரர் அவற்றை ஒழிக்க நினைப்பதும் நியாயம். அதற்காக ஒரு பிராணி வளைக்குள் கிடந்து நாள்கணக்கில் சாக வேண்டியதில்லை.

தூரத்தைத் துப்பாக்கி முடிவு செய்வதில்லை, நீங்கள் உட்காரும் விதம்தான். அட்டையில் 4 சென்டிமீட்டர் வட்டம் வரையுங்கள், முயலின் தலையில் குறி வைக்கும் இடம் அவ்வளவுதான். மேசை வேண்டாம். காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே, முழங்காலிட்டோ, மரத்தில் சாய்ந்தோ, குச்சியின் மேல் வைத்தோ ஐந்து சுடுங்கள். ஐந்தும் உள்ளே விழும் கடைசித் தூரம்தான் உங்கள் எல்லை. பெரும்பாலானோருக்கு அது 40 மீட்டருக்குள் நின்றுவிடும். நின்றபடி ஆதாரமில்லாமல் என்றால் 20-கூட வராது. அந்த எண்ணைத் தாண்டி இருக்கும் முயல் உங்களுடையது அல்ல.

சப்சானிக் ஹாலோபாயின்ட் பயன்படுத்துங்கள். பக்கவாட்டில் நிற்கும்போது கண்ணுக்கும் காதுக்கும் நடுவில். தலை ஆடிக்கொண்டிருந்தால் முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சில். வயிற்றுப் பகுதி தெரிகிறது என்பதற்காகச் சுடவே கூடாது, உங்களிடமிருந்து தப்பியது அப்படித்தான் அடிபட்டிருக்கும். வளையின் வாயிலேயே உட்கார்ந்திருக்கும் முயலையும் விட்டுவிடுங்கள், கடைசித் துடிப்பிலேயே உள்ளே போய்விடும். சுட்டதும் எழுந்து ஓடாதீர்கள். அடுத்த தோட்டாவை ஏற்றி, அதே இடத்தில் குறியோடு காத்திருங்கள், அசைந்தால் உடனே இன்னொன்று.

முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடவேண்டாம். .22 ஈயக் குண்டு மெதுவாகப் போவதால் கல், உறைந்த தரை, குட்டைத் தண்ணீர் எதில் பட்டாலும் உடையாமல் துள்ளிப் பறக்கும். வெறுமனே விட்டால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும். மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டித் தெரியும் முயலைச் சுடக்கூடாது என்பதும் இதனால்தான்.

சமைக்கப் போகிறீர்கள் என்றால் சூடு ஆறுமுன் அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றி, அரைமணிக்குள் குடலை எடுத்து, காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். ஈரலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருஞ்சிவப்பாக, வழவழவென்று இருந்தால் நல்லது. வெள்ளைப் புள்ளிகள் விரவியிருந்தால் முழு முயலையும் புதைத்துவிடுங்கள். கண் வீங்கி மந்தமாக உட்கார்ந்திருப்பது மிக்சோமட்டோசிஸ் என்னும் முயல் நோய். சுட்டு முடித்துவிடுங்கள், சட்டிக்கு வேண்டாம். குண்டு போன வழியைச் சுற்றி இரண்டு மூன்று விரல் அகலம் வெட்டி எறியுங்கள், ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாது. குடலை நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள், நாடாப்புழு போய்ச் சேரும்.

காட்டு முயல் சுட .22 ரைஃபிளுக்கு நம் ஊரில் உரிமம் கிடைக்குமா? குறைந்தது ஏர் ரைஃபிளாலாவது சுடலாமா?
– கோயம்புத்தூர் வாசகர்

இரண்டும் கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயல் பாதுகாக்கப்பட்ட பிராணி. எந்த ஆயுதத்தால் கொன்றாலும் வேட்டைக் குற்றம், சிறையும் உண்டு. மேலே முயல் பற்றிச் சொன்னதெல்லாம் முயல் அந்நிய உயிராகப் போய்ப் பெருகிய ஊருக்கு.

இலக்குக்குச் சுட ஆசையென்றால் வழி நன்றாகவே இருக்கிறது. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. .22-க்குத் தேவை, ஆனால் சொந்தமாக வாங்குமுன் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து கிளப் துப்பாக்கியில் பழகலாம், உங்கள் ஊரிலேயே கோயம்புத்தூர் ரைஃபிள் கிளப் இருக்கிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள். கடலூரில் பிறந்த துப்பாக்கி வீராங்கனை இளவேனில் வாலறிவன் பெயர் பெற்றது அந்தப் பிரிவில்தான். அதில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். அங்கே மூச்சும் டிரிகரும் பழகினவருக்கு 50 மீட்டர் .22 இலக்கின் 10.4 மில்லிமீட்டர் வட்டம் பெரிதாகவே தெரியும், காற்று மட்டும் புதுப் பாடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்த 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில்: மண்டியிட்டு, படுத்து, நின்று, நிலைக்கு 20 குண்டு. முதல் ஆறு மாதம் சொந்தத் துப்பாக்கிக்குப் பணம் போடாதீர்கள். சுடும் கோட்டும் காலணியும் உங்கள் அளவுக்கு வாங்குங்கள், கிளப்பில் இரவல் கிடைக்காதவை அவைதான்.